பனி குடித்த காய்கள்

சமவெளியில் வாழ்நாளெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு, ஓய்வுபெற்றபின் கொடைக்கானலில் ஒரு சிறு வீட்டை அமர்த்திக்கொண்டு, அதன் புறக்கடையில் சும்மா கிடக்கும் ஒன்றரை சென்ட் நிலத்தைக் கொத்தி வீட்டுக்கு வேண்டிய பச்சைக் காய்களைப் பயிரிட்டுக்கொள்ளலாம் என்று ஆசைப்படுகிறவர்கள், முதல் வருஷத்தில் செய்கிற பிழை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. மதுரையில் எந்த விதை எறிந்த இடத்தில் முளைத்துக் காய்த்துக் குலுங்கிற்றோ, அந்த வெண்டை விதையையும் கத்தரி விதையையும் கொத்தவரை விதையையும் பொட்டலம் கட்டிக்கொண்டு மலையேறிவிடுகிறார்கள். நானும் அப்படியே செய்தேன். வெண்டை முளைத்தது, நான்கு இலை விட்டது, அதற்குப்பின் மூன்று மாத காலம், வகுப்புக்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளையைப்போல, வளரவும் மனமில்லாமல் சாகவும் துணியாமல் அதே உயரத்தில் நின்றது. விதைப்பையின் அடியில் ஒட்டிக் கிடந்த நாலைந்து முள்ளங்கி விதைகளை வேலியோரம் உதறியிருந்தேன். அவையோ ஒருவருடைய பராமரிப்பும் இன்றி ஐந்து வாரத்தில் தோள் பருத்து மண்ணுக்கு மேலே எட்டிப் பார்த்தன. எளிதில் விளையும் காய் என்று நாம் சொல்லுகிற குணம் காயினிடத்தில் இல்லை, அது நிற்கிற ஸ்தலத்தினிடத்தில்தான் இருக்கிறது என்பதை அந்த முள்ளங்கிகள் எனக்குக் கற்பித்தன.

கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 7,000 அடி, அதாவது 2,100 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்து வத்தலக்குண்டில் மின்விசிறியின் கீழே புரண்டு படுக்கிற அதே இரவில் இங்கே கம்பளி வேண்டியிருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வெப்பமானி பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்தக் குளிர் வெண்டைச் செடியை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தால் போதும். அங்கே தேங்காயெண்ணெய் மெழுகாக உறைந்து, கரண்டியால் சுரண்டி எடுக்கவேண்டிய நிலையில் இருக்கும். அதை ஒட்டினாற்போல் நிற்கும் நல்லெண்ணெயோ தண்ணீராக ஓடும். இரண்டும் கொழுப்புத்தான். ஆனால் தேங்காயெண்ணெயின் மூலக்கூறுகளில் உள்ள சங்கிலிகள் பெரும்பாலும் நேரானவை. நேரான விறகுகளை நெருக்கி அடுக்குவது எளிதாக இருப்பதுபோல, அவை குளிரில் ஒன்றோடொன்று படிந்து இறுகிவிடுகின்றன. நல்லெண்ணெயின் சங்கிலிகளில் பெரும்பாலானவை இடையில் வளைந்திருப்பவை. கோணல் விறகு எந்த அடுக்கிலும் சரியாகப் படியாது.

தாவரத்தின் ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வும் இவ்வகைக் கொழுப்புகளால் ஆனதே. வெப்ப தேசங்களில் தோன்றி வளர்ந்த வெண்டை முதலியவற்றின் சவ்வு அந்த உஷ்ணத்துக்கு ஏற்றபடி அமைந்திருப்பதால், மலைக்குளிரில் அது விறைத்துப்போகிறது. நீரும் உப்புக்களும் கிரமமாக உட்புகுந்து வெளியேறும் வாயில்கள் ஸ்தம்பித்துப்போகின்றன. செடி பட்டினி கிடக்கிறது. கேரட், கோஸ், பட்டாணி, முள்ளங்கி, பீட்ரூட், லெட்டூஸ் முதலிய குளிர்காலப் பயிர்களின் சவ்விலோ வளைந்த சங்கிலிகள் அதிகம். அன்றியும், குளிர் கூடக் கூட அவை இன்னும் சில சங்கிலிகளை வளைத்துக்கொள்ளும் சாமர்த்தியமும் உடையவை. ஆகவே மலையில் பயிர் செய்யத் தொடங்குகிறவர், தேங்காயெண்ணெய்ச் செடிகளைச் சமவெளிக்கே விட்டுவிட்டு, நல்லெண்ணெய்ச் செடிகளைத் தேடிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

குளிரைத் தாங்குவது வேறு, குளிரால் ருசி பெறுவது வேறு. வில்பட்டிப் பக்கம் ஒருநாள் நடந்துபோனபோது, சாலையோரத்து ஓடையில் கேரட் கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "இந்த ஊர்க் கேரட்டுக்கு மட்டும் எப்படியம்மா இவ்வளவு இனிப்பு?" என்று கேட்டேன். "ராத்திரிப் பனி குடிச்சாத்தான் ஐயா கேரட்டுக்குச் சீனி ஏறும், வெயில்லயே வளந்தது வெறும் கட்டை" என்றார். தாவர சாஸ்திரம் இதைவிட அதிகமாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. காரணத்தை மட்டும் சற்று விஸ்தரித்துச் சொல்லுகிறது.

செடி பகலில் சூரிய கிரணத்தைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. ஆனால் அதுவும் நம்மைப்போல் சுவாசிக்கிற ஜீவனே. இரவும் பகலும் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை எரித்துத்தான் அது உயிர் தரிக்கிறது. உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் இந்தச் சுவாசத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பது ஒரு பொது விதி. மதுரையின் இரவு 25 டிகிரி, கொடைக்கானலின் இரவு 10 டிகிரி என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால், மதுரைச் செடி ஓர் இரவில் செலவழிக்கிற சர்க்கரை, மலைச்செடி செலவழிப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று வருகிறது. வரவு இரண்டிடத்திலும் உண்டு; செலவில்தான் வித்தியாசம். மிச்சப்பட்டது கிழங்கில் போய்ச் சேருகிறது. குளிர் இன்னும் முற்றினால், செடி தன் உயிரணுக்களில் உள்ள நீர் உறைந்துவிடாதபடி காத்துக்கொள்ள அங்கே சர்க்கரையை மேலும் சேர்க்கிறது. உப்போ சர்க்கரையோ கரைந்த நீர் வெறும் நீரைவிடத் தாமதித்தே உறையும் அல்லவா? அந்த அம்மாள் சொன்ன சீனி ஏறுதல் இதுதான்.

இந்தக் காய்களுக்குத் தமிழ்நாட்டுச் சந்தைகளில் இன்றைக்கும் இங்கிலீஷ் காய்கறி என்று ஒரு பெயர் வழங்குவதைக் கேட்டிருக்கலாம். அதற்குக் காரணம் இவ்வூரின் சரித்திரத்தில் இருக்கிறது. 1845-ஆம் ஆண்டில் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சி இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். அடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடி மலைவழியில் ஆட்கள் சுமந்து வந்தாலன்றி எந்தச் சாமானும் மேலே வராத காலம் அது. அப்படிப்பட்ட ஊரில் வெள்ளைக்காரனுடைய மேஜைக்கு வேண்டிய கீரையும் கிழங்கும் அவன் வீட்டுப் புறக்கடையில் விளைவதே சௌகரியமாக இருந்திருக்கும். இன்று பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்களின் படிக்கட்டு வயல்களில் அவையே லாரி லாரியாக விளைகின்றன. அந்த லாரிகளைப்பற்றி இங்கே பேச்சில்லை. லாரி ஏறாத காயைப்பற்றித்தான் பேச்சு.

ஏனெனில், பறித்த காய் செத்துவிடுவதில்லை. வேரிலிருந்தும் கொடியிலிருந்தும் பிரிந்தபின்னும் அது சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் நடக்கிற குடும்பத்தின் நிலைமை அதற்கு. மலையில் மூன்று மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த சர்க்கரையை, கீழ்நாட்டு வெயிலில் மூட்டைக்குள் புழுங்கிக்கொண்டு, ஒட்டன்சத்திரம் சந்தையைக் கடந்து நம் வீட்டுக்கு வருவதற்குள் அது வெகுவாகத் தொலைத்துவிடுகிறது. இந்த நஷ்டம் எல்லாக் காய்க்கும் ஒரே அளவில் நேர்வதில்லை. கேரட் நிதானமானது, பல நாள் தாங்கும். பட்டாணியோ மணிக்கணக்கில் தன் செல்வத்தை இழக்கிறது.

பட்டாணியின் கதை விசேஷமானது. இளம் பட்டாணி மணிகளுக்குள் தாய்க்கொடியிலிருந்து சர்க்கரை வந்து இறங்குகிறது; அதை மாவுப்பொருளாக மாற்றிச் சேமித்துவைப்பது மணிக்குள் இருக்கும் நொதிகளின் வேலை. பறித்தபின்பும் அந்த நொதிகள் ஓய்வதில்லை. சர்க்கரை வருவது நின்றுவிட்டது. இருக்கிற சர்க்கரை சுவாசத்தில் எரிந்தும், மாவாக மாறியும் குறைந்துகொண்டே போகிறது. காலையில் தோட்டத்தில் நின்றபடியே உரித்துத் தின்ற பட்டாணிக்கும், அதே கொடியில் பறித்து மறுநாள் மாலை தின்றதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை பிரத்தியட்சமாக அநுபவித்தவர், பட்டாணியைக் கடையில் வாங்குவதில் உற்சாகம் இழந்துவிடுவார்.

விதைக்கு எடுக்கும்போது, காய்ந்தபின் உருண்டையாக நிற்கும் வகை ஒன்று, சுருங்கி வதங்கினாற்போல் ஆகிவிடும் வகை ஒன்று என இரண்டு இருப்பதைக் கவனிக்கலாம். பாரம்பரிய விதிகளைக் கண்டறிந்த மெண்டல் என்ற துறவி தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணியை வளர்த்து, 1866-இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த ஏழு குணங்களில் இந்த உருண்டை, சுருக்கம் என்பதும் ஒன்று. சுருக்கத்துக்குக் காரணம் என்ன என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேல் தெரியாமலே இருந்தது. 1990-இல் இங்கிலாந்தில் நாரிச் நகரத்து ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையத்தார், சர்க்கரையை மாவாகப் பின்னுகிற நொதிகளில் ஒன்றை உண்டாக்கும் மரபணுவில் வேற்றுத் துண்டு ஒன்று புகுந்து அதைக் கெடுத்துவிட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நொதி கெட்டதால் மாவு குறைகிறது, சர்க்கரை மிஞ்சுகிறது, மிஞ்சிய சர்க்கரை தண்ணீரை இழுத்து மணியை ஊதவைக்கிறது, காயும்போது அந்தத் தண்ணீர் போய்விடவே தோல் தொளதொளத்துச் சுருங்குகிறது. ஆகவே பச்சையாகத் தின்பதற்குப் பட்டாணி போடுகிறவர், அழகாக உருண்டிருக்கும் விதையைக் கண்டு மயங்காமல், சுருங்கிப்போன அவலட்சண விதையையே தேர்ந்தெடுக்கவேண்டும். அவலட்சணமே அதன் இனிப்புக்கு அத்தாட்சி.

முள்ளங்கியைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. சிவந்த சிறு வகை முப்பது நாளில் கைக்கு வரும். அதன் காரம் முன்கூட்டியே கிழங்கில் தங்கியிருப்பது அன்று. ஓர் அறையில் கந்தகம் கலந்த ஒரு பொருளும், மற்றோர் அறையில் அதைப் பிளக்கும் நொதியும் தனித்தனியே காத்திருக்க, நம் பல் அந்தச் சுவரை உடைத்தவுடன் இரண்டும் கலந்து கடுகெண்ணெயின் காரம் அந்தக் கணத்தில் பிறக்கிறது. பூண்டின் நெடியும் இதே உபாயம்தான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் ஒரு பல்லைத் தொட்டி மண்ணில் ஊன்றிவைத்தால், அதன் இளந்தாளை நறுக்கித் தயிர்ப்பச்சடியில் போட்டுக்கொள்ளலாம்.

லெட்டூஸ் நம்மவர் அடுப்பங்கரைக்கு அந்நியமான இலை. ஆனால் பச்சையாகத் தின்பதற்கு அதைவிடச் சுலபமாக மலையில் வளர்வது வேறில்லை. மண்ணின் உஷ்ணம் முப்பது டிகிரியைத் தாண்டினால் அதன் விதை உயிரோடு இருந்தும் முளைக்க மறுத்துவிடும். சமவெளியில் விதை வாங்கி ஏமாந்தவர்கள் விதைக்காரரைத் திட்டியிருப்பார்கள், வெயிலைத் திட்டியிருக்கமாட்டார்கள். விதையை ஆழப் புதைக்கவும் கூடாது. பல வகைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். தூவி, மேலே மண்ணைச் சற்றே அழுத்திவிட்டால் போதுமானது. இலையைச் செடியோடு பிடுங்காமல் வெளி இலைகளாகக் கிள்ளி வந்தால் பல வாரம் தரும். நடுத்தண்டு உயர்ந்து பூக்கத் தொடங்கிற்றானால் பால் சுரந்து கசக்கும். அப்போது வேரோடு எடுத்துவிட வேண்டியதுதான்.

இந்த மலையின் மண்ணைப்பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு முற்றத்திலோ பக்கத்து வீட்டிலோ ஹைட்ரேஞ்சியா என்னும் பந்துப்பூச் செடி இருக்குமானால், அதன் நிறத்தைப் பாருங்கள். நல்ல நீலமாகப் பூத்தால் உங்கள் மண் புளித்த மண். பெருமழை பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணாம்புச் சத்தை அலசிக் கொண்டுபோய்விட்டதனால் மண்ணில் அமிலம் மிகுந்து, அந்த அமிலத்தில் அலுமினியம் கரைந்து, பூவுக்குள் ஏறி நீலமாகிறது. இதே அலுமினியம் பீட்ரூட்டின் வேர்நுனியைக் கருக்கிவிடுகிறது. எருவில் நாம் இட்ட பாஸ்வரத்தையும் இரும்போடு சேர்ந்து கட்டிப்போட்டுவிடுகிறது. பட்டாணி வேரில் முடிச்சு முடிச்சாகக் குடியிருந்து காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிரிகளும் புளித்த மண்ணில் செழிப்பதில்லை. கேரட்டும் உருளைக்கிழங்கும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பட்டாணியும் பீட்ரூட்டும் லெட்டூஸும் பொறுக்கமாட்டா. பரிகாரம் மலிவானது. விதைப்பதற்குச் சில வாரம் முன்னதாகவே சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கொத்திவிடலாம். அடுப்புச் சாம்பலும் உதவும். அதற்குப்பின் ஹைட்ரேஞ்சியா ரோஜா நிறமாக மாறினால் வருந்தாதீர்கள்.

எருவிலும் ஒரு ஜாக்கிரதை உண்டு. பச்சைச் சாணத்தைப் பாத்தியில் கொட்டினால் கேரட் நேரே இறங்காமல் கால் பிரிந்து பொம்மைபோல் வளரும். அது வேடிக்கையோடு போய்விடும். ஆனால் வேகவைக்காமல் தின்னும் இலையின் மேல் பச்சைச் சாணத்தின் கிருமி தெறித்திருப்பது வேடிக்கை அன்று. நன்றாக மக்கிய எருவையே, அதுவும் விதைப்புக்கு முன்பே இடவேண்டும். கழுவும் தண்ணீரும் குடிக்கத் தகுந்ததாக இருக்கவேண்டும். சொல்லப்போனால், வேகவைக்காமல் தின்னக்கூடிய காய்க்கு மலையில் தனி மதிப்பு உண்டு. இங்கே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாத பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகிற வரையில் காத்திருந்து அலுத்தவர்களுக்கு, ஊறவைத்த பாசிப்பருப்பில் துருவிய கேரட்டையும் தேங்காய்ப்பூவையும் கலந்து, கடுகு தாளித்து, எலுமிச்சை பிழிந்த கோசுமல்லி ஒரு வரப்பிரசாதம். அந்தத் தேங்காய் ருசிக்கு மட்டும் அன்று. கேரட்டின் மஞ்சள் சத்து கொழுப்போடு சேர்ந்தாலே உடம்பில் ஏறும்.

மலைக்குளிர் எல்லாச் சமயத்திலும் நண்பனாக இருப்பதில்லை. சென்னையில் இருந்த சூரிய ஆராய்ச்சியை 1899-இல் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்ததற்கு இவ்வூரின் உயரமும் தெளிந்த வானமுமே காரணம். 1909-இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்தே கண்டறிந்தார். பகலில் சூரியனைக் காட்டுகிற அதே தெளிந்த வானம், தை மாதத்து இரவில் நம் கேரட் பாத்தியின் உஷ்ணத்தை விண்வெளிக்குத் தப்பவிட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோல் தடுத்திருக்கும். இல்லாதபோது தரை உடனுக்குடன் குளிர்ந்து, அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்து, தண்ணீரைப்போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. உறைபனியை ஏரிக்கரையிலும் பிரையண்ட் பூங்காவிலும் ஜிம்கானா மைதானத்திலும் நாம் காண்பது இதனால்தான்; அதே இரவில் மேட்டு வீட்டுத் தோட்டம் தப்பித்துவிடுகிறது. மனை வாங்கும்போது பள்ளத்து நிலத்தின் கருமண்ணைக் கண்டு ஆசைப்படுகிறவர்கள் இதையும் நினைவில் வைக்கவேண்டும். பள்ளத்தில் இருப்பவர்கள் மாலையிலேயே பாத்தியின் மேல் பழைய சாக்கையோ வைக்கோலையோ பரப்பிவிட்டால், அதுவே அன்றைய இரவுக்கு மேகமாகும்.

பந்தல் போட இடமுள்ளவர்களுக்குச் சௌசௌ என்னும் மேரக்காயை விடச் சுலபமான பயிர் இல்லை. இங்கிலீஷ் காய்களின் கூட்டத்தில் அதையும் சேர்த்துவிட்டார்கள் என்றாலும், அதன் பிறப்பிடம் மெக்சிகோ. அதற்குத் தனி விதை கிடையாது. விதைக் கடையில் கேட்டால் சிரிப்பார்கள். முற்றிய காய் ஒன்றைச் சமையலறை மூலையில் மறந்து வைத்துவிடுங்கள். சில வாரத்தில் காயின் அகன்ற முனையில் உள்ள பிளவு சற்றே வாய் திறக்கும். உள்ளேயிருக்கும் ஒரே தட்டை விதை, காயை விட்டு வெளியேறாமலே, அதன் சதையையே பால்சோறாக உண்டு, வெளிர்பச்சைத் தளிர் ஒன்றை நாக்குபோல் நீட்டும். அடியில் வெள்ளை வேர்கள் மீசையாக அரும்பும். குழந்தையைத் தாயின் மடியோடு கிடத்துவதுபோல், முளைத்த காயை அப்படியே, பாதி மண்ணுக்கு மேலே தெரியும்படி சாய்த்துப் புதைக்கவேண்டும். இளம் பிஞ்சைத் தோல் சீவி மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துப் பச்சையாகவே தின்னலாம். சீவும்போது கையில் பிசின் ஒட்டும். தண்ணீரில் அமிழ்த்திச் சீவினால் ஒட்டாது.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பும் பெரிய வெங்காய விதை இங்கே தாளாகவே நிற்கும். ஐரோப்பிய வகைகள் கிழங்கு கட்டக் கோடையின் பதினான்கு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பகலை எதிர்பார்க்கின்றன, நமக்கோ வருஷத்தின் நெடும்பகலும் குறும்பகலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வேறுபடுகின்றன. தக்காளி மூடுபனியில் இலைக்கருகலுக்கு இரையாகும். மேலே கூரையிட்டு இலையை நனையாமல் காக்கக்கூடியவர்கள் முயலலாம். உருளைக்கிழங்கை வயலிலிருந்து விதைக்கு வாங்கி வீட்டு மண்ணில் போடாமல் இருப்பது நல்லது. 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு இந்த மலையிலும் உண்டு, ஒருமுறை புகுந்தால் பல வருஷம் மண்ணில் காத்திருக்கும். காட்டுமாடு வராத வேலி இதுவரை ஒருவரும் கண்டதில்லை. எங்கள் பந்தலின் முதல் வருஷத்துச் சௌசௌவை அதுதான் சாப்பிட்டது.

தோட்டம் இல்லாமல் விடுமுறைக்கு மட்டும் வந்து, மலைச் சாலையோரக் கடையில் தழையோடு கட்டிவைத்த கேரட் கட்டு ஒன்றை ஆசையாக வாங்கிச் செல்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அந்தப் பச்சைத் தழை பார்வைக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அது இன்னமும் கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறது. வாங்கிய இடத்திலேயே தழையைத் திருகி எடுத்துவிட்டு, கிழங்கை ஈரத் துணியில் சுற்றி வண்டியில் நிழலான இடத்தில் வையுங்கள். தழையோடு கொண்டுபோனால், ஊர் போய்ச் சேர்வதற்குள் கேரட் கையில் வளையத் தொடங்கிவிடும்.